தோட்டத்துப் பிள்ளையும் கல்லூரி மைதானமும்

ஒவ்வோர் ஆண்டும் உதைபந்தாட்டப் பருவம் தொடங்கும்போது பதுளைக் கல்லூரிகளின் அறிவித்தற் பலகைகளில் ஒரு பட்டியல் ஒட்டப்படுகின்றது. குழுவுக்குத் தெரிவான மாணவரின் பெயர்கள் அதிலே இருக்கும். நாம் கற்பிக்கும் கல்லூரியிலும் இவ்வழக்கம் உண்டு. சென்ற பருவத்தில் அப்பட்டியலை வாசித்து நின்றபோது, அதுவரை எமது கண்ணிற் படாத ஒன்று பட்டது. எமது வகுப்புகளில் அமர்ந்திருப்போருட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை என நாற்புறத்து மலைகளிலிருந்தும் வருபவர்கள். பட்டியலிலோ, தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருவோர் இருவரே. மற்றையோர் நகரத்தவர், அல்லது நகரை அடுத்த தோட்டத்தவர்.

மலையேறி இறங்கிப் பழகிய கால்களுக்குப் பந்தை உதைக்க வலுவில்லை என்று எவரும் சொல்லமாட்டார். அப்படியாயின் காரணம் வேறெங்கோ இருத்தல் வேண்டும். விளையாட்டின் சரித்திரத்தை எழுதுவோர் வெற்றி தோல்விகளையும் கோல்களின் எண்ணிக்கையையும் எழுதுவர். அது தேவைதான். ஆயினும் ஒரு குழுவின் பருவம் முதல் ஆட்டத்தின் விசிலோடு தொடங்குவதில்லை. யார் மைதானத்துக்கு வர முடியும், யார் வர முடியாது என்பது அதற்கு வெகுகாலம் முன்னரே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. ஊவாவைப் பொறுத்தவரை அந்தத் தீர்மானம் எவ்வாறு உருவாயிற்று என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

கனவான்களும் நெசவாளரும்

உதைபந்தாட்டத்துக்கு இன்றுள்ள விதிகள் 1863ஆம் ஆண்டு இலண்டனில் வகுக்கப்பட்டவை. வகுத்தவர்களிற் பலர் இங்கிலாந்தின் செல்வந்தர் கல்லூரிகளிற் பயின்றவர்கள். தொடக்ககாலத்தில் இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தை வென்றவையும் கனவான்களின் குழுக்களே. 1882இல் அக்கிண்ணத்தை வென்றது ஈற்றன் கல்லூரிப் பழைய மாணவர் குழு. மறு ஆண்டு, 1883 மார்ச் 31இல், அதே குழு மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே நின்றது லங்காஷயரின் பருத்தி ஆலை நகரான பிளக்பேர்ணிலிருந்து வந்த ஒலிம்பிக் குழு. அதிலே நெசவாளர் இருந்தனர், நூற்பாளர் இருந்தார், குழாய்வேலை செய்பவர் இருந்தார். மேலதிக நேரத்தில் இரண்டுக்கு ஒன்று என்ற கோற்கணக்கில் தொழிலாளர் வென்றனர். அதன்பின் கனவான்களின் குழு எதுவும் அக்கிண்ணத்தை வென்றதில்லை.

இந்த வெற்றி திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிலே பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை முடிக்க வேண்டுமென விதித்தது. அவர்கள் போனபின் ஆலையை ஓட்டுவது இயலாதாகவே ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. பல்லாண்டுப் போராட்டத்தால் வந்த அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலே தொழிலாளியைப் பந்தாட்டக்காரனாக்கியது. பிளக்பேர்ண் குழு இறுதியாட்டத்துக்கு முன் கடற்கரை நகரொன்றுக்குச் சென்று பயிற்சி பெற்றது என்பதும், அதற்கு இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவரின் பணம் உதவிற்று என்பதும் மனங்கொள்ள வேண்டியவை. நேரம், மைதானம், செலவுக்குப் பணம் என்ற மூன்றும் சேர்ந்த இடத்திலேதான் திறமைக்கு வழி பிறந்தது.

எமது நாட்டவர் நன்கறிந்த இன்னொரு வெற்றி கல்கத்தாவில் நிகழ்ந்தது. 1911 யூலை 29இல் மோகன் பகான் குழு, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அக்குழுவில் ஒருவரைத் தவிர மற்றையோர் வெறுங்காலுடன் ஆடினர். வெள்ளையரை வெல்ல முடியும் என்ற எண்ணம் வங்கமெங்கும் பரவ அந்த ஆட்டம் துணை செய்தது. ஆயினும் அக்குழுவினர் பெரும்பாலும் படித்த நடுத்தர வகுப்பினர் என்பதையும் மறத்தலாகாது.

மலையும் சமதரையும்

இனி ஊவாவுக்கு வருவோம். 1817-18 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இம்மாகாணத்தின் வயல்களும் குளங்களும் ஊர்களும் பேரழிவுக்குள்ளாயின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்கே உரியவை எனக் கொண்டது. கிராமத்துச் சிங்களக் குடியானவனின் மேய்ச்சல் நிலமும் சேனையும் இவ்வழியே கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைப் பெரும்பாலும் அழித்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார்.

கோப்பிக்குப் பறிக்கும் காலத்தில் மட்டும் ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்கள் பருவம் முடிந்ததும் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு தங்கி உழைக்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். லயங்கள் எழுந்தன. லயத்திலே பிள்ளைகள் பிறந்தனர். தோட்டத்துப் பிள்ளை என்ற சமூகப் பிறவி இவ்வாறே தோன்றிற்று.

அந்தப் பிள்ளைக்கு விளையாட நேரம் இருந்ததா? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலியைப் பிரித்துக் கூறியது. பிள்ளைக்குக் கூலி வகுத்த சட்டம், பிள்ளை வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொண்ட சட்டமாகும். விடியற்காலைப் பிரட்டுக்குத் தாய் போவாள். கைக்குழந்தை பிள்ளைமடுவத்துக்குப் போகும். வளர்ந்த பிள்ளை புல்லு வெட்டவோ மலைக்கோ போகும்.

விளையாட இடம் இருந்ததா? உதைபந்தாட்ட விதிப்படி மைதானம் ஆகக் குறைந்தது 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் கொண்டிருத்தல் வேண்டும். ஊவா மலைச்சரிவில் இத்தகைய சமதரை அரிது. இருந்த சமதரையிலே துரையின் பங்களாவும் தேயிலை ஸ்டோரும் உத்தியோகத்தர் வீடுகளும் அமைந்தன. லயங்கள் எஞ்சிய சரிவுகளில் அமைந்தன. இதன் விலை விளையாட்டோடு முடிவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்மேடு சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. தொழிலாளிக்குச் சமதரை இல்லாமை உயிரையே குடித்த நிகழ்ச்சி அது.

தோட்டத் துரைமார் தமக்கெனக் கழகங்களை அமைத்தனர். அவர்கள் பெரிதும் விரும்பியது ரக்பி ஆட்டம். மலைநாட்டுப் பெருங்கல்லூரிகளும் அவர்களைப் பின்பற்றின. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் 1891இல் ரக்பி புகுத்தப்பட்டது. 1906இல் திரினிற்றிக் கல்லூரியுடன் அது ஆடியதே இலங்கையின் முதலாவது பாடசாலை ரக்பிப் போட்டி. உதைபந்தாட்டமோ கீழே இறங்கி வந்தது. அதற்கு வேண்டியது ஒரு பந்து மட்டுமே. பந்து இல்லாத இடத்தில் துணிச்சுருளையும் உதைக்கலாம். லயத்து முற்றத்திலும், மாசியிலே காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டலிலும் பிள்ளைகள் உதைத்தது அவ்வாறே.

கேடயமும் சங்கமும்

தோட்டத் தொழிலாளர் முறையாக உதைபந்தாடிய சரித்திரத்துக்குச் சிறந்த சான்று கடலுக்கு அப்பால், மூணாறு மலையில் உள்ளது. அங்கேயும் தேயிலை; அங்கேயும் பெரும்பாலோர் தமிழர். கண்ணன் தேவன் தோட்டங்களை நடத்திய பின்லே கொம்பனியின் பெயரால் 1941இல் தொடங்கிய கேடயப் போட்டியில் தோட்டத்துக்குத் தோட்டம் குழு அமைத்து மோதினர். அப்போட்டி தலைமுறைகள் பல கடந்து நிலைத்தது. கொம்பனி சமதரையை ஒதுக்கியது; ஆட்டக்காரர் பிறந்தனர். இதிலே ஒரு படிப்பினை உண்டு. ஆனால் கொம்பனி கேடயம் தரும்போது அதன் நோக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். தன் தோட்டத்துக்காகக் கூவும் தொழிலாளி, அடுத்த தோட்டத்துத் தொழிலாளியைப் போட்டியாளனாகக் காண்பானேயன்றித் தோழனாகக் காணமாட்டான் என்ற கணக்கு எந்த முதலாளிக்கும் விளங்கக்கூடியதே.

அதே காலத்தில் ஊவாவில் தொழிலாளர் வேறொரு வகையில் அணி திரண்டனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அவ்வாண்டு மே மாதமளவில் போராட்டம் ஊவாவுக்கும் பரவிற்று. சமசமாசக் கட்சியினர் வழிநடத்திய சங்கம் இங்கே வேரூன்றியிருந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபை ஒன்றைத் தெரிவு செய்தனர். சபையைக் கலந்தே கருமமாற்றுவதாகத் துரை உடன்பட வேண்டியதாயிற்று. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். இறுதியில் அரசு அப்போராட்டத்தை ஒடுக்கியது. இருப்பினும், தோட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் துரை ஒருவரே தீர்மானிக்க வேண்டியதில்லை என்பதை வெவெஸ்ஸ மக்கள் சில நாட்களேனும் நடத்திக் காட்டினர். கேடயத்தையும் சபையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கொடுக்கப்பட்ட மைதானத்துக்கும் கேட்டுப் பெறும் மைதானத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

பாடசாலையின் வாயில்

கல்லூரிக் குழுவிலே சேரக் கல்லூரிக்குள் நுழைய வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாயில் எவ்வளவு காலம் மூடிக் கிடந்தது!

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. பிள்ளையின் உழைப்பால் பயன்பெறுபவரிடமே பிள்ளையின் கல்வியை ஒப்படைத்தால் விளைவு யாதாகும்? ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. கன்னங்கராவின் பெயரை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் தோட்டப் பாடசாலை அத்திட்டத்தின் புறத்தே நின்றது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்த காலத்திலும் லயத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்பின் பின் கூடையையோ கவ்வாத்துக் கத்தியையோ எடுத்தது. பதுளைக் கல்லூரிகளின் அக்காலக் குழுக்களிலே கடைக்காரரின் மகனும் எழுதுவினைஞரின் மகனும் ஆடியிருப்பர். பெரிய கங்காணியின் மகனும் ஓரிடத்தைப் பெற்றிருப்பான். கொழுந்தெடுப்பவளின் மகனுக்கு மைதானத்தின் வேலிக்கு வெளியேதான் இடம்.

1948இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாத மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்ட எந்த அமைச்சரும் அவசரப்படவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1977 முதலேயாகும். இலவசக் கல்விக்கும் இதற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் அந்த இடைவெளியில் வளர்ந்து, உழைத்து, முதுமையடைந்தது.

புகையிரதம் கொண்டுபோன ஆட்டக்காரர்

1924 பெப்ரவரியில் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோகவே பெருஞ்செலவில் அப்பாதை மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் அதே பாதை மனிதரையும் கொண்டுபோயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவு செய்யப்படும் என ஒப்பந்தம் கூறிற்று. 1974இல் அந்த எஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. மக்களைக் கேளாமல் மக்களைப் பங்கிட்ட கணக்கு இது.

பருவத்தின் நடுவிலே ஓர் ஆட்டக்காரன் போய்விட்டால் குழு என்னாகும் என்பதைப் பயிற்றுநர் அறிவார். ஒரு லயத்திலே அண்ணன் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பி குடும்பத்துக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் வந்த காலத்தில், காமன் பொட்டலில் ஒன்றாய் ஆடியவர்கள் பதுளைப் புகையிரத நிலைய மேடையிலே பிரிந்தனர். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறியவர்களிற் பலர் நீலகிரியிலே, தாயகம் திரும்புவோருக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடையைச் சுமந்தனர். கூடலூர்ப் பகுதிக்குச் சென்று பார்த்தால் அங்கேயும் அதே சரிவு, அதே தேயிலை.

எஞ்சியோர் 1977இலும் 1983இலும் இனவன்செயலைச் சந்தித்தனர். 1983 யூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. எரிந்த தெருவைக் கடந்து கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பத் தோட்டத்துப் பெற்றோர் அஞ்சியது இயல்பே. அந்த அச்சத்தையும் மீறிப் பாடசாலைகள் வளர்ந்தன. ஆசிரியர் நியமனங்கள் வந்தன. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இன்று எமது வகுப்புகள் தோட்டப் பிள்ளைகளால் நிறைந்திருப்பது அந்த நீண்ட போராட்டத்தின் பயன். நாமும் அப்பயனைத் துய்த்தவர்களே.

ஐந்து மணி பஸ்

அப்படியாயின், வகுப்பறைக்கு வந்துவிட்ட பிள்ளை மைதானத்துக்கு ஏன் வரவில்லை? இதற்கு விடையை நாம் நூல்களிலே கண்டறியவில்லை. எமது தவறொன்றின் மூலமே கண்டோம்.

சென்ற பருவத்தில் எமது கல்லூரிக் குழு வலயப் போட்டிகளில் வென்று மாகாணச் சுற்றுக்குச் சென்றது. அங்கே இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கோலினாற் தோற்றது. அந்த ஆட்டத்திற் கோல் காத்தவன் எமது முதற்தெரிவு அல்லன். முதலிற் தெரிவானவன் தூரத்துத் தோட்டமொன்றின் மாணவன். உயரமும் நிதானமும் உடையவன். பருவம் தொடங்கி மூன்றாம் வாரத்தில் அவன் எம்மிடம் வந்து, “சேர், அஞ்சு மணி பஸ்ஸ விட்டா நடந்துதான் போகணும். அம்மா தனியா இருக்காங்க,” என்றான். ஒழுங்காகப் பயிற்சிக்கு வராதவனுக்குக் குழுவில் இடமில்லை என்று நாம் கூறினோம். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. பட்டியலில் அவன் பெயரைக் கோடிட்டு அடித்தவர் நாமே.

தோல்விக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தோட்டத்துக்குச் சென்றோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஒரு மணி நேர நடை, இடையிலே ஓர் ஓடை, வழியில் விளக்கில்லை. காமன் பொட்டலில் இரண்டு கற்களை வைத்துக் கோல் அமைத்துச் சிறுவர் ஆடிக்கொண்டிருந்தனர். எமது மாணவன் கற்களுக்கிடையே நின்றான். அவனுக்குப் பின்னால் நிலம் சரேலெனத் தேயிலை மலைக்குள் இறங்குகின்றது. பந்தைத் தவறவிட்டால், தவறவிட்டவனே இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது அவர்களின் விதி. கால்மணி நேரம் ஆட்டம் நின்றுவிடும். எந்தப் பயிற்றுநரும் அளிக்காத பயிற்சியை அந்தச் சரிவு அவனுக்கு அளித்திருந்தது. அவன் தாய் எமக்குத் தேநீர் தந்து, “பஸ்ஸு மட்டும் இருந்தா புள்ளைய அனுப்புவோம், சேர்,” என்றார். பயிற்சிக்காக அவரிடம் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். நாம் கேட்கவில்லை.

நண்பர்கள் சிலர், “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் போதாது, ஒழுங்கு போதாது,” என்று கூறக் கேட்டிருக்கிறோம். நாமே அவ்வாறு எண்ணியவர்கள். நகரத்து மாணவன் பயிற்சி முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டை அடைகிறான். அவனுக்கு நேரத்துக்கு வருவது எளிது. அதை ஒழுங்கு என்கிறோம். இருட்டில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டியவன் வராதபோது அதை ஒழுங்கின்மை என்கிறோம். 1850க்கு முன் லங்காஷயரின் நூற்பாளனுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் இல்லாதிருந்ததைப் போலவே இவனுக்கும் நேரம் இல்லை. பிரட்டுக்கு எழுப்பும் தப்பு மறைந்த இடத்திலும், தோட்டத்தின் நேரம் பஸ்ஸின் வடிவில் இன்னும் இவனை ஆளுகின்றது.

இன்னொன்றையும் கூற வேண்டும். இவ்வளவு நேரமும் நாம் ஆண்பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். அவனுடைய தங்கையும் எமது மாணவியே. பொட்டலில் ஆட்டம் நடந்தபோது அவள் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து சென்றாள். அவளை எந்தக் குழுவுக்கும் அழைக்கலாம் என்ற எண்ணமே எமக்குத் தோன்றியிருக்கவில்லை.

வெறுங்காலின் புகழ்ச்சி

மலையகத்துப் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஆடுவதைப் புகழ்ந்து எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் பெரும்பாலோர் சப்பாத்தின்றி ஆடி உலகை வியக்க வைத்தனர் என்பது உண்மை. அந்த ஆட்டத்தில் பிரான்சிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றனர் என்பதும் உண்மையே. விரும்பிச் சப்பாத்தைக் கழற்றுவது வேறு. வாங்க வகையின்றி வெறுங்காலோடு நிற்பது வேறு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கே பல்லாண்டுக் கிளர்ச்சியின் பின் 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சம்பளத்தில் ஒரு சோடிச் சப்பாத்துக்குத் தாய் எத்தனை பேர் போட வேண்டும் என்று கணக்கிட்டவர், வெறுங்காலைப் புகழ்ந்து எழுதத் தயங்குவார்.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியவை சில உள. பயிற்சி நேரத்தை நகரத்து மாணவனின் வசதிக்கு வகுக்காமல், கடைசிப் பஸ்ஸைக் கொண்டு பின்னோக்கி வகுக்கலாம். வாரத்தில் ஒரு நாளேனும் பயிற்சியைத் தோட்டத்துப் பொட்டலுக்குக் கொண்டு செல்லலாம். பழைய மாணவர் சங்கங்கள் பரிசுக் கிண்ணங்களுக்குச் செலவிடும் பணத்திற் சப்பாத்துகளும் பஸ் கட்டணமும் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் குழு அமைக்கலாம். எமது கல்லூரியில் இவற்றுள் முதலாவதைத் தொடங்கியுள்ளோம்.

ஆயினும் பெரிய கேள்வி நிலத்தைப் பற்றியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கொம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றிலும், தொழிலாளர் குடியிருப்புக்கென ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் இவ்வளவு சமதரை ஒதுக்கப்பட வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. வீட்டுக்கும் பாடசாலைக்கும் மைதானத்துக்கும் நிலம் கேட்பது ஒரே கோரிக்கையின் மூன்று பகுதிகள். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இக்கோரிக்கையையும் மேசைமீது வைத்தல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் அதற்கு வேண்டிய விபரங்களைத் திரட்டிக் கொடுக்கலாம்: எத்தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள், பொட்டல் எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு.

இவ்வாண்டுப் பருவம் தொடங்கிவிட்டது. பயிற்சி இப்போது நான்கரை மணிக்கு முடிகின்றது. பட்டியலில் தூரத்துத் தோட்டத்து மாணவர் ஐவரின் பெயர்கள் உள்ளன. கோல் காப்பவனின் பெயர் முதலாவதாக எழுதப்பட்டுள்ளது.